காத்து பிரிஞ்சுதா?

"டெஸ்ட் முடிஞ்சதும் வயிறு கொஞ்சம் உப்புசமா இருக்கும்மா. காத்து போயிட்டா சரியாயிடும்." மூன்று வருஷங்களுக்கு முன்னால், மதுரையில் ஒரு மருத்துவமனையில், என் கணவரின் அம்மாவான அத்தையின் சக்கர நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டே உதவியாளர் பையன் சொன்ன வாக்கியம் இது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் பட்ட பாடு முழுவதும் அந்தப் 'போயிட்டா' என்ற ஒரு சொல்லுக்குள்தான் இருந்தது. எப்படிப் போகும், எங்கே போகும், போகாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. போன வாரம் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு தோழி, தன் அப்பாவுக்குக் கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை, எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டாள். முந்தின நாள் கீரை, தக்காளி விதை, கொய்யா வேண்டாம், பேதி பவுடரைக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கினால் குடிக்கச் சுலபம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை என்று உறைத்தது. அவளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அத்தைக்கு அப்போது 66 வயது. வத்தலக்குண்டுப் பக்கம் கிராமம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போய்விட்டது. மாத்திரைக்கும் முருங்கைக்கீரைக்கும் ஏறவில்லை. வயிற்றுக்குள் எங்காவது கசிகிறதா என்று மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். முதல் நாள் ராத்திரியும் அன்று விடியற்காலையிலுமாக 2 லிட்டர் பேதி மருந்தை அத்தை ஒரு வார்த்தை முனகாமல் குடித்து முடித்தார். மயக்க ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் முடிந்தது. கட்டி எதுவும் இல்லை, புண் இல்லை, உள்மூலம் மட்டும் இருக்கிறது, சதை எதுவும் எடுக்கவில்லை என்று டாக்டரே வெளியே வந்து சொன்னார். நான் அழுதுவிட்டேன். அந்த நிம்மதியில், அதற்கப்புறம் கேட்க வேண்டிய எதையும் கேட்கத் தோன்றவில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். பெருங்குடலை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறேன். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். 'ப' என்ற எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி, வலது பக்கம் அடிவயிற்றில் தொடங்கி விலா எலும்புவரை மேலே ஏறி, அங்கிருந்து குறுக்கே இடது விலாவுக்குப் போய், பிறகு இடது பக்கமாகக் கீழே இறங்கும். சாதாரணமாக அது சுருக்குப் பை மாதிரி சுருங்கிக் கிடக்கும். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் பையை விரிக்க வேண்டும். அதற்காகத்தான் குழாய் வழியாகக் காற்றை ஊதுகிறார்கள். வெளியே வரும்போது முடிந்த அளவு உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். எல்லாமும் வந்துவிடாது. மீதிக் காற்று வளைவுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், குறிப்பாக இடது விலாவுக்கு அடியில் இருக்கிற மேல் வளைவில். அங்கே அடைத்துக்கொண்டால் நெஞ்சு வலியோ என்று பயப்படும்படி இருக்கும். இதையெல்லாம் இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்குக் காரில் உட்கார்ந்திருந்தபோது இதில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

வாடிப்பட்டி தாண்டியதும்

மூன்று மணிக்கு டிஸ்சார்ஜ். என் கணவர் கார் ஓட்ட, அத்தையின் தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் அத்தையும் பின்னால். மாட்டுத்தாவணியில் கிளம்பும்போதே அத்தை கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் இருந்தார். மயக்கம் தெளியாத அசதி என்று நினைத்தேன். வாடிப்பட்டி தாண்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை சில்லென்று வியர்த்திருந்தது. "வகுறு ஊதிக் கெடக்கு தாயி. வெடிச்சிரும் போலருக்கு" என்று காதோடு சொன்னார். சேலைக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். காலையில் ஒட்டிப்போய் இருந்த வயிறு முட்டிக்கொண்டு நின்றது. குடலில் ஓட்டை விழ ஆயிரத்தில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவானவர்களுக்கோ வாய்ப்பு உண்டு என்று கையெழுத்து வாங்கும்போது சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் அத்தைதான் என்று என் மனசு முடிவே கட்டிவிட்டது.

டிஸ்சார்ஜ் தாளில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். எடுத்த சிஸ்டர் பதறவில்லை. வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் இருக்கா? வாந்தி வருதா? ரத்தம் போச்சா? தோள்பட்டை வலிக்குதா? வயிறு முழுக்கக் கட்டை மாதிரி இறுகிக் கிடக்கா, இல்லை அழுத்தினா அமுங்குதா? வலி விட்டு விட்டு வருதா, ஏறிக்கிட்டே போகுதா? சதை ஏதாவது எடுத்ததா டாக்டர் சொன்னாரா? நான் ஒவ்வொன்றாக அத்தையிடம் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னேன். வயிறு அமுங்கியது. வலி விட்டு விட்டுத்தான் வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியாக சிஸ்டர் கேட்டார், "காத்து பிரிஞ்சுதா?"

என் பிரசவத்தில், வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த பிறகு, இதே கேள்வியை இரண்டு நாள் வேளைக்கு ஒருவர் வந்து கேட்டார்கள். காற்று பிரிந்தால்தான் காப்பி. நம் ஊர் மருத்துவமனைகளில் வார்டுக்கே கேட்கிற மாதிரி கேட்கப்படுகிற கேள்வி அது. ஆனால் அத்தையிடம் அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் மெதுவாகக் கேட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. முன் இருக்கையைப் பார்த்தார். தம்பியின் பின்னந்தலையையும் மகனின் தோளையும் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. மதியம் ஒன்றரை மணியிலிருந்து அத்தை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். மயக்கம் தெளிந்து படுத்திருந்த இடத்தில் பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆண் நோயாளி, நடுவில் இடுப்பு உயரத் திரை. அப்புறம் லிஃப்ட், பில் கட்டுகிற வரிசை, கார். அறுபத்தாறு வயது, மூன்று பிள்ளை பெற்றவர், வயல் காட்டில் ஆணுக்குச் சமமாக நின்று வேலை பார்த்தவர். தம்பிக்கு முன்னால், பெற்ற மகனுக்கு முன்னால், ஒரு சத்தம் வந்துவிடக் கூடாது என்று அந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறார். குழாய் உள்ளே போனதைவிட இதுதான் அவருக்குப் பெரிய சோதனை.

சிஸ்டர் சொன்னார்: "எங்கயாவது நிறுத்தி அவங்களைப் படுக்க வைங்க. இடது பக்கம் திரும்பி, முழங்காலை வயித்துக்கிட்ட மடக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மல்லாக்கப் படுக்கவெச்சு, கடிகாரம் சுத்துற பக்கமா வயித்தை மெதுவா நீவி விடுங்க. அழுத்தாதீங்க. அரை மணி நேரத்துல குறையலேன்னா, இல்ல வலி கூடுச்சுன்னா, யோசிக்காம திரும்பி வந்துடுங்க."

கடைமடை

நிலக்கோட்டையில் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்கா வீடு இருக்கிறது. அங்கே போனோம். அவர் ஆண்கள் இரண்டு பேரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். பின்கட்டு அறையில் பாயை விரித்து, கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அத்தையின் வயிற்றை நான் பார்த்ததில்லை. தையல் தழும்பு இல்லாத, பிள்ளை பெற்ற வரிகள் வெளுத்துப்போன, வெயில் படாததால் முகத்தைவிட நிறமான வயிறு. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற உறுப்பு இந்தத் தோலுக்கு அடியில் எங்கே ஓடுகிறது என்று என் கைக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகப் படத்தை மனசில் கொண்டுவந்து, வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, குறுக்கே, கீழே என்று வட்டமாக நீவினேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒன்றும் அசையவில்லை. அத்தையின் முகம் இன்னும் சுருங்கியது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

அப்போதுதான் அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அங்கன ஆரம்பிக்காத தாயி. கடைமடைய மொதல்ல தொறந்து விடு. தல மடையிலருந்து தண்ணியத் தள்ளுனா எங்கிட்டுப் போகும்? நடுவுலதான் முட்டும்."

என் கையைப் பிடித்து இடது இடுப்புக்கு மேலே வைத்தார். வாய்க்காலில் தூர் வாருகிறவர்கள் தண்ணீர் வெளியேறுகிற கடைசியிலிருந்து ஆரம்பித்து மேலே வருவார்களாம். கீழே வழி கிடைத்தால் மேலே நிற்பது தானாக இறங்குமாம். நான் அப்படியே செய்தேன். இடது விலாவுக்கு அடியிலிருந்து இடுப்பு மடிப்பு வரைக்கும் கீழ்நோக்கி மட்டும், பத்துப் பன்னிரண்டு தடவை. விரல் நுனியால் குத்தாமல், கையைத் தட்டையாக வைத்து, அவர் மூச்சை விடும்போது மட்டும். சப்பாத்தி மாவு பிசைகிற அழுத்தம் இல்லை. பச்சைப் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்கிற அழுத்தம்தான். பிறகு மேலே குறுக்காக, வலமிருந்து இடமாக வந்து மறுபடியும் கீழே. அதற்கும் பிறகுதான் வலது பக்கத்தில் தொடங்கி முழுச் சுற்று. மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ, இடது விலாவுக்கு அடியில் என் உள்ளங்கைக்குக் கீழே 'களுக்' என்று ஏதோ புரண்டது. தண்ணீர்க் குடத்துக்குள் குமிழி ஏறுகிற மாதிரி. அத்தை நெற்றியைச் சுளித்து, பிறகு விட்டார்.

"வெளிய யாரும் இருக்காகளா?"

"யாரும் இல்ல அத்தை. கதவு சாத்தியிருக்கு. அண்ணியும் அடுப்படிக்குப் போயிட்டாங்க."

அத்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்காலை மடக்கினார். அதற்கப்புறம் கால் மணி நேரம் நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. காற்று பிரியப் பிரிய அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. இறுக்கிப் பிடித்திருந்த பாயின் ஓரத்தைக் கை விட்டது. அப்படியே தூங்கிவிட்டார். எழுந்ததும் முதலில் கேட்டது மோர்.

அப்புறம் படித்தபோது வியப்பாக இருந்தது. மலச்சிக்கலுக்கும் வாயுவுக்கும் வயிற்றை நீவி விடுகிற ஒரு முறையில், ஆங்கிலத்தின் 'ஐ', 'எல்', 'யூ' எழுத்துகளை வயிற்றில் எழுதுகிற மாதிரி நீவச் சொல்கிறார்கள். முதலில் 'ஐ', அதாவது இடது பக்கம் நேராகக் கீழே. அடுத்தது தலைகீழ் 'எல்', குறுக்கே போய்க் கீழே. கடைசியில்தான் தலைகீழ் 'யூ', முழுப் பாதையும். அத்தை சொன்ன கடைமடைக் கணக்கேதான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், தன் வயிற்றை ஒரு வாய்க்காலாக நினைத்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஸ்வீடனில் மலச்சிக்கல் உள்ள 60 பேரை வைத்து வயிற்று நீவலைச் சோதித்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். 8 வாரத்தில் வயிற்று வலியும் தொந்தரவும் குறைந்தன, ஆனால் பேதி மருந்தின் தேவை குறையவில்லை என்பது அதன் முடிவு. அதாவது ஆறுதல் கிடைக்கிறது, மருந்துக்கு மாற்று ஆகிவிடவில்லை. எனக்கு அது நேர்மையான முடிவாகப் பட்டது. அன்றைக்கு நிலக்கோட்டையில் வேலை செய்தது என் கையா, மடக்கிய முழங்காலா, சாத்திய கதவா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் கதவைத்தான் எடுப்பேன்.

அத்தையின் அம்மா செய்தது

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அத்தையின் அம்மா அந்த ஊரில் குடல் தட்டுகிறவர். பிள்ளை பாலைக் கக்கினால், பேதியானால், 'குடல் ஏறிக்கிச்சு' என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை இழுத்து நீவி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளங்காலில் தட்டுவாராம். காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு மட்டும்தான். அத்தைக்கு அதில் இன்றைக்கும் பெருமை உண்டு. எனக்கு அந்தப் பாட்டிமேல் மரியாதை உண்டு, ஆனால் அந்த வைத்தியத்தில் உடன்பாடு கிடையாது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட குழந்தைக்கும் இதே வாந்திதான், இதே அழுகைதான் வரும். அந்தக் குழந்தையைத் தட்டிக்கொண்டு இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் குடல் அழுகிப்போகிற நேரம். நீவி விடுவது நல்லது என்று நான் எழுதுவதைப் படித்து யாராவது இழுத்துத் தட்டுகிற இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று பயமாகவே இருக்கிறது.

ஆகவே தோழிக்குச் சொல்வது இதுதான். அப்பா வெளியே வந்ததும் முதலில் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேள்: சதை ஏதாவது எடுத்தார்களா, வயிற்றை நீவி விடலாமா? எடுத்திருந்தால் அவர்கள் சொல்லாமல் வயிற்றில் கை வைக்காதே. பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கிற சிறு சதை, எடுத்த இடத்திலிருந்து இரண்டு வாரம் வரைக்கும்கூட ரத்தம் கசியலாம். குடலிறக்கம் உள்ளவர், சமீபத்தில் வயிற்றில் அறுவை நடந்தவர், கர்ப்பிணி இவர்களுக்கும் கேட்காமல் கூடாது. வலி விடாமல் ஏறினால், காய்ச்சல் வந்தால், வயிறு பலகை மாதிரி இறுகினால், ரத்தம் போனால், நீவிப் பார்க்கலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே, வண்டியைத் திருப்பு. இது எதுவும் இல்லாமல் வெறும் காற்று என்றால், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அங்கேயே கழிப்பறையில் அவரைத் தனியாகக் கால் மணி நேரம் விடு. மயக்கம் தெளியாமல் இருக்கும், உள்தாழ் போட வேண்டாம், நீ வெளியே நின்றுகொள். நடக்கவிடு. காரில் ஏற்றிவிட்டால் வாய்ப்பு போய்விடும்.

மருத்துவமனைகளையும் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் தாளில் மருந்துப் பெயர்களுக்குக் கீழே இரண்டு வரி தமிழில் போடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு சிஸ்டர் வந்து, காற்று பிரிவதற்காகத்தான் இங்கே படுத்திருக்கிறீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லட்டும். திரையைக் கொஞ்சம் உயரமாகப் போடுங்கள்.

போன வருஷம் என் முறை வந்தது. 47 வயது, மலத்தில் ரத்தம். வேறு மருத்துவமனை. இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டேன், ஊதுவது சாதாரணக் காற்றா, கார்பன் டை ஆக்சைடா என்று. கார்பன் டை ஆக்சைடு என்றால் குடல் சுவர் சீக்கிரம் உறிஞ்சிவிடும், ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியே போய்விடும், அதனால் பிறகு உப்புசமும் வலியும் குறைவு. அங்கே அதுதான் பயன்படுத்தினார்கள். அத்தை பட்டதில் கால்வாசிகூட நான் படவில்லை. ஆனால் 5 மில்லிமீட்டர் பாலிப் ஒன்று இருந்ததென்று கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்திருந்தார்கள். கனம் தூக்காதீர்கள், ஒரு வாரம் வயிற்றை நீவ வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். இடது விலாவுக்கு அடியில் ஒரு உருண்டை மாதிரி நின்றுகொண்டு இருந்தது. அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், சதை எடுத்திருக்கிறார்கள், நீவக் கூடாதாம் என்று சொன்னேன். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்த உருண்டைக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். நீவவில்லை, அழுத்தவில்லை. காய்த்துப்போன, சூடான கை, சும்மா அங்கேயே இருந்தது. கூடத்தில் என் கணவரும் பையனும் டிவி பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தவர், எழுந்து போய் அவர்களிடம் கடையில் ஏதோ வாங்கிவரச் சொன்னார். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும்வரை வாசலில் நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, கையை மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.